அரியர் அண்ணன்

பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 1961-ல் வந்த தாகூர் கலைக் கல்லூரி, பட்டமேற்படிப்புக்கென்று காஞ்சி மாமுனிவர் மையம், பாலிடெக்னிக்குகள், இதெல்லாம் போதாதென்று ஒரு விமான நிலையம் வேறு. இந்த வட்டாரத்தில் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், சைடு ஸ்டாண்டு போட்ட வண்டியின்மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் அரியர் அண்ணன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒருவர் உண்டு. பேட்ச் மாறும், பிரின்சிபால் மாறுவார், அண்ணன் மாறமாட்டார்.

வகுப்பில் முதலாவதாக வருகிறவனிடம் பல்கலைக்கழக விதி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பான். அவனுக்கு அது எதற்கு? ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் எந்த வார்டு என்பது நோயாளி வீட்டாருக்குத்தான் மனப்பாடம். வருகைக் குறைவுக்கு எங்கே பணம் கட்டுவது, மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் என்ன வித்தியாசம், அரியர் விண்ணப்பத்தின் கடைசித் தேதி, அதற்குப் பிறகு வருகிற அபராதத்தோடு கூடிய கடைசித் தேதி, எல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த கிளார்க்கே சந்தேகம் வந்தால் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பார் என்று பேச்சு.

அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்து, பாதிப் பாடம் போனபிறகு பதறிக்கொண்டு வருகிற முதலாம் ஆண்டுப் பையன்தான் அண்ணனுக்குப் பிடித்த சீடன். டீ வாங்கித் தருவது பையன். உபதேசம் அண்ணன்.

"தம்பி, முதல் வருஷம் படிக்கலன்னாகூட பரவால்ல, போய் உக்காரு. 75 பர்சென்ட் அட்டெண்டன்ஸ் இல்லன்னா ஹால் டிக்கெட்டுக்கே அலையணும். அப்புறம் இன்டர்னல். செமஸ்டர் பேப்பர் திருத்துறவருக்கு உன் மூஞ்சி தெரியாது. இன்டர்னல் 25 மார்க் போடுறவருக்குத் தெரியும். தெரியற மூஞ்சியா இரு."

இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் எந்த வரவேற்பு விழாவிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பையன் அப்படியே கேட்டு நடக்கிறான், பாஸாகிறான். அண்ணன் சொன்னதைக் கேட்காத ஒரே ஆள் அண்ணன்தான்.

"அப்ப நீங்க எப்படிண்ணா மாட்டுனீங்க?" என்று யாராவது கேட்டால் கதை பிரெஞ்சில் தொடங்கும். பாண்டிச்சேரியில் பகுதி ஒன்றுக்குப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்றொரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அண்ணனின் தாத்தாவுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அந்த ரத்தத்தை நம்பி அண்ணன் எடுத்தார். தெருப் பலகைகளில் 'ரூ' என்று படித்துப் பழகிய ஊர்க்காரன்தானே! ஆனால் வினைச்சொல் ஆளுக்கு ஆள் வால் மாறும் என்பதை ரத்தம் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவர்களுடைய பேப்பர் மட்டும் அண்ணனை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் ஆளைக் கவிழ்ப்பது இரண்டாம் வருஷம்தான் என்பார். "முதல் வருஷம் பயம் இருக்கும். மூணாவது வருஷம் அவசரம் இருக்கும். ரெண்டாவது வருஷத்துல ரெண்டும் இருக்காதுடா." சனி ஞாயிறில் பெங்களூர் கார்கள் ஊரை நிரப்பும்போது அவர் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு கஃபேயில் தட்டு ஏந்தப் போனார். கையில் காசு புரண்டது. கொஞ்ச நாளில் சனிக்கிழமை வெள்ளிக்கிழமையே தொடங்கிற்று, திங்கட்கிழமை செவ்வாய்க்குத் தள்ளிப்போயிற்று. மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விடமாட்டார்கள் அல்லவா? ஓரமாக நிறுத்திவிட்டு காந்தி சிலை வரை நடந்தால், எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் மூன்றாம் செமஸ்டர் முடிந்திருந்தது.

மூன்றாம் வருஷத்துக்கு அண்ணனிடம் புத்திமதி கிடையாது, வாதம் மட்டுமே உண்டு. டிகிரி எப்போது வாங்குவாய் என்று கேட்கிற சித்தப்பாவுக்காகத் தயாரித்த வாதம் அது. "இந்த ஊருக்கே ரெண்டு தேதி இருக்கு சித்தப்பா. கீழூர்ல 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க. 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் கைக்கு வந்துடுச்சு. பிரான்ஸ்காரன் பார்லிமென்ட்ல ஒப்புதல் வாங்கி, சட்டப்படி முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16. ஊரே பாஸ் பண்ணிட்டு சர்ட்டிஃபிகேட்டுக்கு ஏழெட்டு வருஷம் காத்திருந்துச்சு. என்னைய மட்டும் ஏன் அவசரப்படுத்துறீங்க?" பாஸானதற்கும் சான்றிதழுக்கும் நடுவில்தான் ஊர் காத்திருந்தது, அண்ணன் அதற்கும் முந்தின கட்டத்தில் நிற்கிறார் என்பது சித்தப்பாவுக்கு உடனே தோன்றாது. தோன்றும்போது அண்ணன் தெருமுனை தாண்டியிருப்பார்.

புதிய கல்விக் கொள்கை வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஹானர்ஸ். "நாலு வருஷ டிகிரிய அரசாங்கம் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு. நான் அதையும் தாண்டிட்டேன்" என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னார். அவர் பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே இருந்தது பிரெஞ்சு.

பழைய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் எப்போதாவது தருகிற சிறப்பு வாய்ப்பில் அண்ணன் மறுபடி எழுதப் போனார். ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவர் கௌரவ விரிவுரையாளர். முன்பு டீ வாங்கித் தந்த பையன்களில் ஒருவன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் கொஞ்சம் நெளிந்தான். விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகரப் பார்த்தான்.

"டேய் தம்பி, ரெஜிஸ்டர் நம்பரை ஹால் டிக்கெட்டோட ஒத்துப் பாத்துட்டுல்ல கையெழுத்துப் போடணும்? நாளைக்கு ஏதாவதுன்னா உன்னையத்தான் கேப்பாங்க."

பையன் திரும்பி வந்து ஒத்துப் பார்த்தான். அண்ணன் கடைசி எண்ணைத் தப்பாக எழுதியிருந்தார்.