பட்டாவில் யார் பெயர்?

முதல் வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் கேட்கிறார்கள்; மாமா பதில் சொல்கிறார்.

வீடு பார்க்கப் போகலாம்னு இருக்கேன் மாமா. முதல்ல எதைப் பார்க்கணும்?
(ஆசிரியை, லிந்தாங்)

உங்களைத்தான். வங்கிக்காரர் வீட்டைப் பார்க்குமுன் உங்கள் சிசிரிஸ் பதிவைத் திறப்பார். கடந்த 12 மாதங்களில் எந்தக் கடனை எந்த மாதம் தவறவிட்டீர்கள் என்பது அதில் வரிசையாக நிற்கும். பிடிபிடிஎன் கல்விக் கடன் பாக்கியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பேங்க் நெகாராவிடம் இலவசமாகவே வாங்கிப் படிக்கலாம். முதலில் பாக்கியைத் தீருங்கள். டைல்ஸ் நிறத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

நாலு லட்சம் வெள்ளி வரைக்கும் லோன் கிடைக்கும்னு பேங்குல சொல்றாங்க. நாலு லட்சத்துக்கே வாங்கிடவா?
(தொழிற்சாலை மேற்பார்வையாளர், சுங்கை சிப்புட்)

வங்கி பார்த்தது உங்கள் சம்பளச் சீட்டை. அம்மாவின் மருந்துச் செலவும் மகளின் டியூஷன் பணமும் அதில் இல்லை. வரப்போகும் தவணையை இந்த மாதமே தொடங்கி ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூச்சு முட்டினால் விலையைக் குறையுங்கள். முட்டவில்லையென்றால் முன்பணத்தில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது.

35 வருஷக் கடனா, 30 வருஷமா?
(லாரி ஓட்டுநர், சாலாக்)

கணக்குப் போடுவோம் தம்பி. வீடு 250,000 வெள்ளி. கடன் 90 விழுக்காடு, அதாவது 225,000. வட்டி 4 விழுக்காடு என்று வைப்போம். 35 ஆண்டுக்கு மாதம் 996 வெள்ளி. 30 ஆண்டுக்கு 1,074. மாதம் 78 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 31,000 வெள்ளிக்கு மேல் மிச்சம். 35 என்பது பேங்க் நெகாரா 2013இல் வைத்த உச்சவரம்பு. வரம்பைத் தொட்டே ஆக வேண்டும் என்று நேர்த்திக்கடன் ஏதுமில்லை.

புதுத் தாமான் போடறாங்க. "ரெண்டாயிரம் புக்கிங் கட்டுங்க, லோட் உங்களுக்கு"ங்கிறார் ஏஜெண்டு. கட்டலாமா?
(கணக்காளர், ஈப்போ)

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகுமுன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்பது வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் விதி. முதல் 10 விழுக்காடே கையெழுத்தின்போதுதான். கட்டுமுன் அந்தத் திட்டத்துக்கு மேம்பாட்டாளர் உரிமமும் விளம்பர அனுமதியும் உண்டா என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் பாருங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் நிதானமாக உரிமம் கேளுங்கள். அப்புறம் யார் அவசரப்படுகிறார் என்று தெரியும்.

எங்க அக்கா புக்கிங் கட்டிட்டாங்க. வீடும் தாமதம். பணம் போச்சா?
(மாணவி, காராய்)

போகவில்லை தங்கச்சி. தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு. 250,000 வெள்ளி வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 68 வெள்ளி. எந்த நாளிலிருந்து எண்ணுவது? புக்கிங் கட்டிய நாளிலிருந்தே என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அக்காவிடம் அந்த ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல். அது வெறும் காகிதமல்ல, சாட்சி.

மேம்பாட்டாளரே வக்கீல் கட்டணத்தை ஏத்துக்கிறாராம். நல்ல விஷயம்தானே?
(தாதி, கோல கங்சார்)

அவர் காசு கொடுக்கும் வக்கீல் அவருக்குத்தான் வக்கீல். கட்டணம் இலவசம், ஆலோசனை உங்களுக்கில்லை. ஒப்பந்தத்தை வாசித்து விளக்க உங்கள் செலவில் ஒருவரை வையுங்கள். இத்தனை லட்சக் கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரம் அவரிடம் உட்காருவது நஷ்டமில்லை.

பழைய வீடு ஒண்ணு கிடைச்சிருக்கு. ஓனர் ரொம்ப நல்லவர், கோயில் கமிட்டியில எல்லாம் இருக்கார். கெரான் பார்க்கணுமா?
(மெக்கானிக், சுங்கை சிப்புட்)

நல்லவர் வீட்டிலும் கேவியட் என்ற தடை இருக்கும். நில அலுவலகத்தில் ஒரு தேடல் போட்டால் போதும்: பட்டாவில் யார் பெயர், எந்த வங்கியிடம் அடகு, யார் தடை போட்டிருக்கிறார்கள், எல்லாம் வந்துவிடும். நம் நாட்டில் நிலம் யாருடையது என்பதைப் பதிவேடுதான் சொல்லும். ஓனரின் குணத்துக்குக் கும்பிடு போடுங்கள். பணத்தைப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுங்கள்.

மலாய் ரிசர்வ் நிலம் மலிவா வருது. சினேகிதர் பேர்ல வாங்கி, நமக்குள்ள ஒரு ஒப்பந்தம் எழுதிக்கலாமா?
(கட்டட ஒப்பந்தக்காரர், லாசா)

பேராக்கில் மலாய் ரிசர்வ் சட்டத்துக்கு 1913இலிருந்து வரலாறு இருக்கிறது. மலாய்க்காரர் அல்லாதவர் அந்த நிலத்துக்கு உரிமையாளராக முடியாது. அதைச் சுற்றிப் போகத் தனியாக எழுதும் ஒப்பந்தமும் செல்லாது. சினேகிதர் தங்கமானவராக இருக்கட்டும். நாளைக்கு அவர் பிள்ளைகள் வந்து கேட்டால் எதைக் காட்டுவீர்கள், சேர்ந்து எடுத்த படத்தையா?

99 வருஷ லீஸ் வீடு வேண்டாம்னு மாமியார் பிடிவாதம். என்ன சொல்ல?
(பல்பொருள் கடை உரிமையாளர், சுங்கை சிப்புட்)

99 என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மீதி எத்தனை என்று கேளுங்கள். ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும். விற்கும்போது பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். 90 மீதியிருந்தால் மாமியாரிடம் பேசிப் பாருங்கள். 45 மீதியிருந்தால் மாமியார் சொல்வதே வேதவாக்கு.

லெலோங்கில பாதி விலைக்கு வீடு போகுது. பாயலாமா?
(விற்பனை முகவர், ஈப்போ)

பாயலாம், ஆழம் பார்த்துவிட்டு. 10 விழுக்காடு முன்பணம் கையில் இருக்க வேண்டும். மீதியை ஏல நிபந்தனைப்படி 90 அல்லது 120 நாளில் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போயே போச்சு. உள்ளே ஆள் குடியிருந்தால் கிளப்புவது உங்கள் பாடு. ஏலம் விடுவது வீட்டை மட்டுமல்ல, அதன் வம்பையும் சேர்த்து.

தெற்குப் பார்த்த வாசல். வாஸ்து ஒத்துக்காதுங்கிறாங்க.
(இல்லத்தரசி, லிந்தாங்)

நல்ல மழை அடித்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் அந்தத் தெருவுக்குப் போங்கள். சாக்கடை நிரம்பி நிற்கிறதா, சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வாஸ்துவுக்கு எட்டுத் திசை. வெள்ளத்துக்கு ஒரே திசை, பள்ளம்.

நாசி லெமாக் கடை வெச்சிருக்கேன். ஸ்லிப் காஜி கிடையாது. எனக்கெல்லாம் யார் கடன் தருவா?
(வியாபாரி, சுங்கை சிப்புட்)

தருவார்கள் அம்மா. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கத்தான் அரசின் எஸ்ஜேகேபி நிறுவனம் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: கடைப் பணத்தை மிலோ டின்னில் போடாமல் தினமும் வங்கிக் கணக்கில் போடுங்கள். டின்னுக்குள் இருக்கும் உழைப்பு வங்கியின் கண்ணுக்குத் தெரியாது.

ஒப்பந்தத்துல விலையைக் கூட்டிக் காட்டினா முழுக் கடனும் கிடைச்சு, கையிலயும் காசு மிஞ்சுமாம். ஏஜெண்டு ஐடியா.
(பாதுகாவலர், காராய்)

ஐடியா அவருடையது, கையெழுத்து உங்களுடையது. பொய் விலை எழுதி வங்கியில் பணம் வாங்குவது குற்றம். மிஞ்சிய காசு மூன்று மாதத்தில் கரைந்துவிடும். கூட்டிய விலைக்கு வட்டி முப்பது வருஷம் ஓடும். அந்த ஏஜெண்டை மாற்றுங்கள்.

சேமநிதிப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டலாமா?
(எழுத்தர், கோல கங்சார்)

எடுக்கலாம். 2024 மே மாதம் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்தது. வீட்டுக்குரியது செஜாத்ரா கணக்கு. ஆனால் விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் பணம் வரும். அதனால் முதல் 10 விழுக்காட்டைக் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் பின்னால் மீட்க வேண்டும். வாங்கிய பணத்தில் சோபா வாங்காதீர்கள். அது அறுபது வயதில் நீங்கள் சாப்பிட வேண்டிய சோறு.

விலை போக வேற என்ன செலவு வரும்?
(புது மாப்பிள்ளை, சாலாக்)

250,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்று முத்திரை வரி 4,000. கடன் பத்திரத்துக்கு 1,125. முதல் வீடு, 5 லட்சத்துக்குள் என்றால் இரண்டுக்கும் விலக்கு. அரசு காலக்கெடு வைத்து நீட்டித்துவரும் சலுகை அது. கையெழுத்து நாளில் நடப்பில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், மின்சார, தண்ணீர் முன்வைப்பு, கிரில் கதவு எல்லாம் உங்கள் தலையில். பிறகு ஆண்டுதோறும் நிலவரி, நகராண்மைக் கழகத்துக்குக் கதவு வரி. சாவி ஒன்று, பில் பத்து.

நானும் கணவரும் சேர்ந்துதான் கடன். பட்டாவுல அவர் பேர் மட்டும் போதும்ங்கிறாங்க அவர் வீட்டில்.
(ஆய்வுக்கூட உதவியாளர், ஈப்போ)

போதாது. தவணையில் பாதி உங்கள் சம்பளம் என்றால் பட்டாவிலும் உங்கள் பெயர் ஏற வேண்டும். இல்லையென்றால் கடன்காரி நீங்கள், வீட்டுக்காரர் அவர் மட்டும். இதைச் சண்டையாகப் பேசாதீர்கள். கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள், அவ்வளவுதான்.

தம்பி வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கேட்கிறான். போட்டா திவால் ஆயிடுவேனா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், சுங்கை சிப்புட்)

குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு லாபம் பார்க்காமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017இல் சட்டம் திருந்தியது. ஆனால் வங்கி உங்கள்மேல் வழக்குப் போட்டுப் பணம் கேட்கலாம். பேர் தப்பும், பர்ஸ் தப்பாது. தம்பியின் தவணையை உங்களால் ஒரு வருஷம் கட்ட முடியுமென்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

சாவி வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு, சுவர்ல விரிசல். "சிமெண்டு பூசிக்குங்க"ங்கிறாங்க.
(ஆசிரியர், லாசா)

நீங்கள் பூச வேண்டாம். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்வது மேம்பாட்டாளர் பொறுப்பு. படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது: 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. போனில் திட்டினால் கோபம்தான் தீரும். கடிதம் எழுதினால் விரிசல் தீரும்.

தாத்தா தோட்டத்துல நாற்பது வருஷம் பால் வெட்டினார். அப்பா பிறந்ததும் அதே லயத்துலதான். அந்த வீடு ஏன் எங்க பேர்ல இல்ல மாமா?
(பொறியியல் மாணவர், சுங்கை சிப்புட்)

அந்த வீடு வேலையோடு வந்தது தம்பி. வேலை முடிந்த நாளில் அதுவும் முடிந்தது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பிழைப்பு போனவனுக்குக் கூரையும் போனது. அதைப் பொறுக்காமல் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் காசைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம், 1961. பால் வெட்டுகிறவன் பங்குதாரர் ஆனான்.

1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தோட்ட வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் இருக்க வேண்டும் என்றது. வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. தாத்தாவின் நாற்பது வருஷத்துக்கு ஒரு பட்டா கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. அது அநியாயம். நீங்கள் வாங்கும் முதல் வீட்டில் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்கள்.

வீடு வாங்கியாச்சு, கிரகப்பிரவேசமும் முடிஞ்சது. இனிமே நிம்மதிதானே?
(பேருந்து ஓட்டுநர், சுங்கை சிப்புட்)

இன்னும் ஒரு காகிதம் பாக்கி: உயில். அது இல்லாமல் போய்ச் சேர்ந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் உங்கள் வீட்டைப் பிரிக்கும். பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. நீங்கள் நினைத்ததும் அதுவே என்றால் சரி. இல்லையென்றால் எழுதி வையுங்கள். உரிமை எழுத்தில் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் நாம். இந்த மாதச் சம்பளம் வந்ததும் வக்கீலைப் பாருங்கள்.