கேசினோ ஸ்டேக் ஹவுஸில் உருளைக்கிழங்கு: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

சென்னையில் கேசினோ கிடையாது. 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. லாட்டரிச் சீட்டும் 2003 ஜனவரியோடு போயிற்று. அந்தப் பெயரைத் தாங்கி ஊரில் நிற்பது பிளாக்கர்ஸ் சாலை கேசினோ தியேட்டர் ஒன்றுதான். படம் எப்படி இருக்குமோ என்று தெரியாமல் டிக்கெட் எடுத்தவர்களைத் தவிர அங்கே யாரும் சூதாடியதில்லை. அந்தத் தியேட்டர் வந்த 1941ஆம் ஆண்டிலேயே லாஸ் வேகாஸ் நெடுஞ்சாலையோரம் எல் ராஞ்சோ வேகாஸ் என்ற கேசினோ ஓட்டலும் திறந்தது. இன்று ‘ஸ்ட்ரிப்’ எனப்படும் வீதியின் முதல் ஓட்டல் அது. இந்த ஒற்றுமையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் ஆய்வேட்டில் இப்படி ஒன்றாவது இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் முகம் சுளிப்பார்.

ஆகவே தென்சென்னைவாசி கேசினோவையும் அதற்குள் இருக்கும் ஸ்டேக் ஹவுஸையும் சந்திக்க ஒரே வழி, ஜெமினி மேம்பாலத்தடியில் விசா வாங்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போவது. அங்கே ஒரு நீண்ட வார இறுதியில் பிள்ளை சொல்வான்: “கிராண்ட் கேன்யன் போற வழிதாம்பா, ஒரு நாள் வேகாஸ்ல தங்கிட்டுப் போயிடலாம்.” வேகாஸைப் பார்த்த மயிலாப்பூர்வாசிகள் அனைவரும் கிராண்ட் கேன்யன் பார்க்கப் போனவர்களே என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

சென்னையில் பெரும்பாலோர் அசைவர் என்பதை ஆய்வாளர் அறிவார். அவர்கள் ஸ்டேக் ஹவுஸுக்குப் போனால் ஸ்டேக் சாப்பிடுகிறார்கள். அதில் ஆராய ஒன்றுமில்லை. சைவர் அங்கே போய் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

முன்னோர் சான்றுகள்

சூதுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. சீட்டாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னாராம் சாண்ட்விச் பிரபு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கதை இது. ஆட்டக்காரன் எழுந்து போகாமல் இருக்கச் சோறு போடு என்ற தொழில் ரகசியத்தை கேசினோக்காரர்கள் அதிலிருந்தே கற்றிருக்க வேண்டும். எல் ராஞ்சோவில் ஒரு டாலருக்கு பஃபே போட்டதும், பெரிய தொகை வைத்து ஆடுகிறவருக்கு இன்றும் ஸ்டேக் இலவசமாக வருவதும் அந்த வழிதான்.

நம் பக்கத்துச் சான்றுகள் இதைவிடப் பழையவை. விராடன் அரண்மனையில் தருமன் அரசனின் சூதாட்டத் தோழன். பீமன் மடைப்பள்ளித் தலைவன். அதாவது கேசினோவும் கிச்சனும் ஒரே குடும்பத்தார் கையில். நளனோ சூதில் நாட்டைத் தோற்றுவிட்டு, அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் சேர்ந்தான். பிறகு தமயந்தி அவன் சமைத்ததை வாயில் வைத்துப் பார்த்துத்தான் புருஷனை அடையாளம் கண்டாள். வியாச பாரதத்தின்படி அப்போது அவள் ருசி பார்த்தது இறைச்சி. கல்யாணக் கேட்டரிங்காரர்கள் சுத்த சைவம் என்று பெரிதாக எழுதி, பக்கத்திலேயே நளபாகம் என்றும் போடும்போது இந்த விவரத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

வள்ளுவர் இதில் எல்லோரையும் முந்திவிட்டார். 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. வேகாஸில் ஒரு ராத்திரி இதே வரிசையில்தான் நடக்கிறது. மருந்து அதிகாரத்தில் அவர் பெரிதும் பேசுவது அளவறிந்து உண்பதைப் பற்றி என்பதையும் ஸ்டேக் ஹவுஸ் தட்டின் அளவைப் பார்த்தவர்கள் கவனிக்க வேண்டும்.

கள ஆய்வு

தரவுகள் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடையின்போது திரட்டப்பட்டன. வினாநிரல் தேவைப்படவில்லை. அமெரிக்கா போய் வந்தவர்கள் கேட்காமலே சொல்வார்கள், மூன்று சுற்றுக்குக் குறையாமல். எல்லாத் தகவலாளிகளின் கூற்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், அவர்களை ஒரு மாமா, ஒரு மாமி என்று சுருக்கிக்கொள்கிறோம்.

மாமா சீட்டாட்டத்துக்கு எதிரி அல்லர். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளத்தை விரித்து விடிய விடிய ரம்மி ஆடியவர். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1968இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆண்டோடு சேர்த்து அவருக்கு அது மனப்பாடம். “இங்க என்னடா, பட்டனை அமுக்கினா எலுமிச்சம்பழம் சுத்தறது. இதுல மூளைக்கு என்ன வேலை?” என்று இயந்திரங்களுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரதட்சிணம் வருகிறார். ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள், ஜெயித்தால் 35 மடங்கு, ஆகவே வைக்கிற பணத்தில் சராசரி 5.26 சதவீதம் நிர்வாகத்துக்குப் போகிறது என்று பிள்ளை விளக்குகிறான். வங்கியில் முப்பது வருஷம் வட்டிக் கணக்கு பார்த்த மாமா, “நம்ம பணத்தை அவனுக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கு நாம வரிசைல நிக்கணுமா?” என்று நகர்ந்துவிடுகிறார். நியாயம்தான்.

அங்கிருந்து நேரே ஸ்டேக் ஹவுஸ். மருமகள் மூன்று வாரத்துக்கு முன்பே மேசை பிடித்து வைத்திருக்கிறாள். உள்ளே வெளிச்சம் கல்யாண வீட்டில் மின்சாரம் போன மாதிரி இருக்கிறது. மாமா செல்போன் டார்ச்சை அடித்துத்தான் மெனு படிக்கிறார். கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட பரிமாறுபவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார். மாமியும் மரியாதைக்குத் தன் பெயரைச் சொல்கிறாள். பிறகு அவர் ஒரு தட்டில் பச்சை இறைச்சித் துண்டுகளைக் கொண்டுவந்து, இது ரிப் ஐ, இது நியூயார்க் ஸ்ட்ரிப், இது 28 நாள் உலர வைத்துப் பதப்படுத்தியது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஸ்ரீராமா என்கிறாள். மாமா மட்டும் 28 நாள் என்றதும் நிமிர்ந்து, “ஃப்ரிட்ஜ் இல்லையாமா?” என்று கேட்கிறார்.

பிள்ளை தனக்கு ‘மீடியம் ரேர்’ சொல்கிறான். நடுவில் ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் போகக் கூடாது. இந்த நுணுக்கம் மாமாவுக்கு உடனே பிடிபடுகிறது. ரவா தோசை ஓரம் முறுகலாக, நடுவில் பதமாக, எண்ணெய் தனியாகத் தெரியாமல் வேண்டும் என்று கச்சேரி சாலையில் சர்வரைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

இனி சைவத்தின் பாடு. வெங்காய சூப்? அடியில் மாட்டெலும்புச் சாறு. சீசர் சாலட்? நெத்திலி அரைத்த சாஸ். கீரைக் கூட்டு மாதிரி ஒன்று இருக்கிறது; சில இடங்களில் அதிலும் பன்றித் துணுக்கு. மேலே தூவுகிற பார்மசான் சீஸை உறைய வைப்பதே கன்றுக்குட்டியின் இரைப்பைச் சத்து. பிரெஞ்சு ஃப்ரை என்றாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. அதில் மாட்டிறைச்சி வாசனை சேர்த்ததை மறைத்தார்கள் என்று அமெரிக்கச் சைவர்கள் தொடுத்த வழக்கில் மெக்டொனால்ட்ஸ் 2002இல் ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் மெனுவில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கு. அதுவும் “பேக்கன் வேண்டாம், பேக்கன் வேண்டாம்” என்று இரண்டு முறை சொல்லி.

கிழங்கு வருகிறது. வெள்ளித் தாளை உரித்தால் ஆவி. நெடுக ஒரு கீறல். வெண்ணெய், சோர் கிரீம், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் தனித்தனிக் கிண்ணங்களில். அதை அறுக்க, மாட்டை அறுக்கிற அதே மரப்பிடிக் கத்தி. மாமி கைப்பையைத் திறந்து, அடையாறு காந்தி நகரில் வாங்கிவந்த புளிக்காய்ச்சல் பொட்டலத்தை மேசைக்கடியில் பிரிக்கிறாள். இருட்டின் பயன் அப்போதுதான் தெரிகிறது.

கருதுகோள்

கேசினோவுக்குள் இருக்கிற பெயர்பெற்ற ஸ்டேக் ஹவுஸில் இந்தக் கிழங்கு 15 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. ரூபாயாக்கினால் ஆயிரத்து முந்நூறு. தண்ணித்துறை மார்க்கெட்டில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் சண்டை பிடிக்கிற மாமா இதை வாய் திறக்காமல் சாப்பிடுகிறார், பிள்ளை கொடுக்கிறான் என்பதால். அமெரிக்கக் கடையில் அந்தக் கிழங்கு ஒரு டாலர் இருக்கும். வெண்ணெய், கிரீம், வெள்ளித் தாள் எல்லாவற்றுக்கும் தாராளமாக இன்னும் இரண்டு டாலர் போடுவோம். 15 வைத்தவருக்கு 3 திரும்பி வருகிறது. நிர்வாகத்தின் பங்கு 80 சதவீதம். வரி தனி, 20 சதவீத டிப்ஸும் தனி.

நெவாடா மாநில விதிப்படி சூதாட்ட இயந்திரம், போட்ட பணத்தில் சராசரி 75 சதவீதத்தையாவது திருப்பித் தந்தாக வேண்டும். உருளைக்கிழங்குக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. ஸ்டேக்கில் கடைக்காரனுக்குப் பெரிய லாபமில்லை. இறைச்சி விலையே பாதியைத் தின்றுவிடும். அவன் பிழைப்பது ஒயினிலும் தொட்டுக்கொள்கிற பதார்த்தங்களிலும். ஆக, 5.26 சதவீதத்துக்குப் பயந்து ரூலெட் மேசையை விட்டு ஓடிய மாமாதான், அந்தக் கட்டடத்திலேயே ஆகப் பெரிய நஷ்டத்துக்குப் பந்தயம் கட்டி உட்கார்ந்திருக்கிறார். கேசினோ முதலாளிகள் விமான நிலையத்தில் மாலையோடு வரவேற்க வேண்டியது அரபு ஷேக்குகளை அல்ல, மேற்கு மாம்பலத்துச் சைவர்களை.

இக்கருதுகோள் பூங்காவில் தகவலாளிகள் முன் வைக்கப்பட்டது. மாமா நடப்பதை நிறுத்திவிட்டு 15ஐயும் 3ஐயும் விரல்விட்டுப் பார்த்தார். கணக்கில் பிழை இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைக்கு போன் பண்ண வேண்டும் என்றும் சொன்னார். மாமி நிற்கவில்லை. இரண்டடி முன்னால் போய்த் திரும்பி, “கிழங்காவது வயத்துக்குள்ள போச்சு. அந்த மெஷின்ல போட்டிருந்தா?” என்று கேட்டாள்.

இக்கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.