வெள்ளிமலைக்குப் போன புளிமாவு

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே ஊரடங்கு வந்தது. ஊரடங்கோடு, புளிமாவில் செய்யும் சவர்டோ ரொட்டியும் வந்தது. வளர்ச்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் அதற்கான புளிமாவைக் கண்ணாடிப் புட்டியில் மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, பெயர் சூட்டி வளர்க்கிறார். தினமும் பாதியைக் கொட்டிவிட்டு மீதிக்குப் புதுமாவு ஊட்ட வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு நேற்றைய குழம்பு. சரிதானே, பிள்ளைகள் ஒரு வேளை பட்டினி கிடந்தால் செத்தா போவார்கள்?

பெல்ஜியத்தில் புளிமாவுகளுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. நம் இட்லிமாவிலும் வேலை செய்வது லாக்டிக் பாக்டீரியாதான். ஆனால் அது பாத்திரத்தை விட்டு வழிந்தால் துடைத்துத்தான் போடுகிறோம். விலாசம் அப்படி.

சித்திரை வெயிலில் புட்டி பொங்கியது. நண்பர் தயங்கவில்லை. கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையில் அதற்காக அறை எடுத்தார். அவருடைய அம்மா இரண்டு கோடையாக மின்விசிறி கேட்கிறார். அது வேறு கணக்கு.

மறுநாள் காலை மூன்றாவது தோசையில் இருந்தவரிடம் சமையல்கார அக்கா வந்து சொன்னார்: "மாவு நல்லா புளிச்சிருந்துச்சு சார். உப்புதான் போடாம கொண்டாந்துட்டீங்க."