லாடம் யாருக்கு?

பிரிட்டனில் குதிரை வாங்குபவர் முதலில் குதிரையின் பல்லைப் பார்க்கிறார். இன்சூரன்ஸ் பாலிசியின் பொடியெழுத்தை அது நொண்டிய பிறகுதான் பார்க்கிறார். வழக்கமான லாடச் செலவு அவர் தலையில். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறப்பு லாடம் என்றால் சில பாலிசிகள் ஒரு பங்கு தரும், பெரும்பாலும் 12 மாதம் வரை. குதிரைக்குக் காலண்டர் தெரியாது; பதின்மூன்றாம் மாதமும் நொண்டும்.

இடது முன்னங்காலுக்குப் பணம் வாங்கினீர்களா? புதுப்பிக்கும்போது வலதையும் சேர்த்து விலக்கிவிடுவது உண்டு. அண்ணன் வாங்கிய கடனுக்குத் தம்பி வீட்டில் ஜப்தி! சரி, நாமே லாடம் அடித்துவிடலாம் என்றால், 1975ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது: பதிவு பெற்ற லாடக்காரர்தான் அடிக்கலாம்.

குதிரைக்கு அடிப்பது அவர். உரிமையாளருக்குக் கட்டுவது கம்பெனி.