எதையும் மாற்றாத இலாகாவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
மேன்மைதங்கிய மீட்புப் புள்ளி இலாகா,
சி டிரைவ், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்.

பொருள்: நேற்றிரவு தாங்கள் எதையும் மாற்றாமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

நேற்று மாலை பிரிண்டர் டிரைவர் தன்பாட்டுக்கு அப்டேட் ஆனது. பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. விடிந்தால் மகளுக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். "மதியம் இருந்த நிலைமைக்கே கொண்டுபோறேன் பாரு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுத் தங்கள் சன்னிதிக்கு வந்தேன். தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது என்று எச்சரித்தீர்கள். எனக்குப் புல்லரித்தது. சாப்பாடு ஆறிப்போகும்வரை வட்டம் சுற்றியபின் தீர்ப்பு வந்தது: மீட்பு முடியவில்லை, கணினியில் எதுவும் மாற்றப்படவில்லை. மகள் அதை உரக்கப் படித்தாள். "ஒண்ணுமே மாத்தலையாம்ப்பா" என்றுவிட்டு, கடை சாத்துவதற்குள் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

எதையும் மாற்றாமலிருக்க இவ்வளவு நேரம் உழைக்க யாரால் முடியும்! 2000-ஆம் ஆண்டிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சேவை, அனுபவம் பேசுகிறது. ஆன்டிவைரஸ் தடுத்திருக்கலாம், அதை நிறுத்திவிட்டு மறுபடி வா என்றும் அருளினீர்கள். கூர்க்காவை ஊருக்கு அனுப்பினால்தான் பூட்டு திறக்கும் போலிருக்கிறது. படங்களையும் ஆவணங்களையும் தாங்கள் தொடுவதில்லை என்பது இன்னொரு பெருந்தன்மை. அவற்றைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருபவருக்கும் அதே நீதி: எதுவும் மாற்றப்படாது.

எல்லாம் ஒழுங்காக ஓடிய ஒரு நல்ல நாளில், "பொங்கல் – சுகம்" என்று பெயர் வைத்து என் கையாலேயே ஒரு மீட்புப் புள்ளி போட்டிருந்தேன். நேற்றுத் தேடினால் காணோம். ஒதுக்கிய இடம் நிறைந்தால் பழசு முதலில் போகுமாம். விண்டோஸின் புதிய பதிப்பில் எப்படியும் ஆயுள் 60 நாள்தானாம். ஒரு புள்ளி விழுந்த 24 மணி நேரத்துக்குள் ஏதாவது மென்பொருள் இன்னொன்று கேட்டால், 'ஆயிற்று' என்று தலையாட்டிவிட்டுப் போடாமலே விடுகிறீர்கள்.

பழைய புள்ளியை அழிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தேவையில்லாத ஆயிரம் அறிவிப்பை மூலையில் காட்டத் தெரிகிறது, "உன் கடைசிப் பிடிமானத்தை அழிக்கப்போகிறோம்" என்று ஒரு வரி காட்டத் தெரியாதா? எத்தனையோ புதுக் கம்ப்யூட்டர்களில் இந்தப் பாதுகாப்பை அணைத்தே வைத்து விற்கிறார்கள். வாங்கியவனுக்கு விழுந்த அன்றைக்குத்தான் தெரிகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் மேல் கொண்ட பக்தியில் எதுவும் மாற்றப்படவில்லை.

பணிவான ஒரே ஒரு கோரிக்கை. தங்களைப் பதவி உயர்வுடன் உடனடியாக டிரைவர் அப்டேட் இலாகாவுக்கு மாற்ற வேண்டும். எதையும் மாற்றாத ஓர் அதிகாரி அவசரமாகத் தேவைப்படுவது அங்கேதான்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள பயனாளர்