ஏரிக்கரையில் நிற்காதீர்கள்

ஜனவரி மாதச் சிகாகோவில் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிச்சிகன் ஏரிக்கரைக்குக் கிளம்பினால் பார்க்கிறவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்கிறார்கள். அந்த ஐயோ பாவத்தை பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு மாற்றித் தர வேண்டும் என்பது என் கட்சி. மிதிப்பவரின் உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மிச்சமெல்லாம் வெப்பம். எந்திரம் என்று பார்த்தால் வெட்கக்கேடு, அடுப்பு என்று பார்த்தால் அபாரம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவரிடம் எரிவது வயிறு மட்டுமே.

"மிதிக்கும் வேகத்தில் காற்று ஆளைக் கொல்லாதா?" என்பார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கையே சாட்சிக்கு அழைப்போம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால் மைனஸ் 18 போல உறைக்கும். மிதிக்கும் வேகமும் சேர்ந்து காற்று 40 ஆனால்? மைனஸ் 21. முதல் 20 கிலோமீட்டர் எட்டு டிகிரியைப் பிடுங்கிக்கொண்டது. அடுத்த 20 மூன்றோடு திருப்தியடைந்துவிட்டது. அதுவும் மூடாத முகத்துக்கான கணக்கு. விரல்கள் விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்பு சொல்வது நியாயம். கால் உழைக்கிறது, கை சும்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. சும்மா வருகிறவர்களுக்கு உடம்பு ரத்தத்தை அளந்துதான் அனுப்பும். கையுறையில் கஞ்சத்தனம் கூடாது.

உண்மையான ஆபத்து போய்ச் சேர்வதில் இருக்கிறது. அங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும், ஏரியோ கிழக்கே. ஆகவே போகும்போது காற்றே முதுகைத் தள்ளிவிடும். குளிரே இல்லையே என்று ஆனந்தமாக மிதித்து, மூன்று ஸ்வெட்டருக்குள் வியர்த்து, கரையில் இறங்கி அலையை ரசிக்க நின்றதும் அடுப்பு அணைகிறது, ஈரம் மட்டும் உள்ளே இருக்கிறது. பிறகு வீடுவரை எதிர்காற்று. வீட்டு வாசலில் நிற்கும்போதே இதமாக இருந்தால் ஒரு ஸ்வெட்டர் அதிகம் என்று அர்த்தம்.

அப்படியானால் இரண்டு தெரு முன்னாலேயே திரும்பிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. கரையோரத்து கிராண்ட் பூங்காவில் கட்டடங்கள் எழும்பக் கூடாதென்று மாண்ட்கோமெரி வார்ட் என்ற வணிகர் 1890 முதல் 1911 வரை கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கியிருக்கிறார். திறந்த வெளி ஊருக்குக் கிடைத்தது. கூடவே காற்றுக்கும் கிடைத்தது என்பது வேறு விஷயம். கரையை ஒட்டி ஏறத்தாழ 29 கி.மீ. பாதை. கோடையில் அங்கே நாய்க்கும் குழந்தைக்கும் ஸ்கேட்டிங் வீரருக்கும் மணியடித்தே கட்டைவிரல் தேயும். ஜனவரியில் அத்தனையும் உங்களுக்கே. அலை தெறித்துப் பாதை உறைந்திருக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், பனிக்கட்டியிடம் தர்க்கம் செல்லாது. மற்ற இடங்களில் மெதுவாக மிதித்துக்கொண்டே ஏரியைப் பார்க்கலாம். நின்று, கையுறையைக் கழற்றி, படம் எடுத்தே தீருவேன் என்கிறவரோடு நான் வாதாடப் போவதில்லை. அந்தக் குளிரில் அவருடைய செல்போன் பேட்டரியே அவரைத் திருப்பி அனுப்பிவிடும்.