நிறையாத தொட்டி

சேர்வராயன் கோயில் குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்பது ஏற்காட்டில் ஒரு நம்பிக்கை. அதே மலையில் ஒரு காட்டேஜின் கழிவு எதுவரை போகிறது என்று கேட்டுப் பாருங்கள்; நம்பிக்கைகூடக் கிடைக்காது.

“டேங்க் கட்டி இருபது வருஷமாச்சுங்க, ஒருக்காகூட நெறஞ்சதில்லை” என்பார் உரிமையாளர், பிள்ளை மெடல் வாங்கிய பூரிப்போடு. செப்டிக் டேங்க் என்றால் வண்டல் அடியில் தங்கியே தீரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். நிறையவே இல்லை என்றால், ஒன்று அடியில் கான்கிரீட் இல்லை. அல்லது பின்பக்கத்துக் குழாய் ஒன்று சில்வர் ஓக் மரங்களுக்கிடையே சரிவில் இறங்குகிறது. அங்கே காப்பிச் செடிகள் தளதளவென்று நிற்கின்றன. விருந்தினர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

கழிவை உறிஞ்சும் லாரி சேலத்திலிருந்து வருவதென்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும், நிரம்பிய வயிற்றோடு இறங்கவும் வேண்டும். பாதுகாப்புக் கவசமின்றி ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். தொட்டியைச் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-ஐ அழைக்கலாம். அதைவிட மலிவு, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது. “எல்லாத்தையும் மழை பாத்துக்கும்ங்க” என்கிறார்.

அவர் வீட்டில் குடிக்க மட்டும் கேன் தண்ணீர்.